ஹாட் டப் மூடியின் கொக்கி பனியில் உறையாமலிருக்க

வெளியே உறைபனி, ஹாட் டப் என்னும் வெந்நீர்க் குளியல் தொட்டிக்குள்ளே 38 டிகிரி செல்சியஸ் வெந்நீர். மூடியின் ஓரமாகக் கசியும் ஆவி, பிளாஸ்டிக் கொக்கியின் இடுக்கில் துளித்துளியாகப் படிந்து இரவுக்குள் பனிக்கட்டியாகிவிடுகிறது. காலையில் அழுத்தினால் அசையாது. பலரும் பொறுமையிழந்து ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது இங்கேதான். கடுங்குளிரில் பிளாஸ்டிக் சட்டென்று முறிந்துவிடும்.

குளித்து முடித்ததும் கொக்கியின் இரு பாகங்களையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். துணியின் நுனியை முறுக்கி இடுக்குக்குள்ளும் விட்டு எடுங்கள். ஈரம் ஒளிந்திருப்பது அங்கேதான். பிறகு சிலிக்கோன் ஸ்ப்ரேயை (வழுக்கலுக்கான மசகு) லேசாக அடித்துப் பூட்டுங்கள். கையில் கிடைத்த எண்ணெயையோ கிரீஸையோ தடவ வேண்டாம். அது குளிரில் கெட்டியாகும், அழுக்கைச் சேர்க்கும். பெட்ரோலிய எண்ணெய் என்றால் வினைல் மூடியையும் கெடுத்துவிடும்.

உறைகிறதே என்று பூட்டாமல் விடுவது, குழந்தைகள் உள்ள வீட்டில் கூடவே கூடாது.

ஏற்கெனவே உறைந்துவிட்டதா? வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடங்கள் கொக்கியின்மேல் சுற்றிவையுங்கள். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் விரிசல் விடலாம். இளகியதும் உடனே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஈரமே மறுபடியும் உறையும்.