கருமணலில் நகை தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த தை அமாவாசைக்கு மறுநாள், சேதுக்கரையில் மூன்று இளைஞர்கள் மெட்டல் டிடெக்டரோடு நின்றுகொண்டிருந்தார்கள். முதல் நாள் கூட்டத்தில் அவர்களுடைய சித்தப்பாவின் மோதிரம் நீராடும்போது கழன்று விழுந்துவிட்டதாம். கருவி புத்தம் புதியது. கைப்பிடியின் பிளாஸ்டிக் உறையைக்கூட முழுதாகப் பிரித்திருக்கவில்லை. அரை மணி நேரம் தள்ளி நின்று பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கடற்கரையில் நான் செய்த பிழைகளை, ஏறக்குறைய அதே வரிசையில், ஒன்று விடாமல் செய்தார்கள்.

பேட்டரியை ஏற்றி வருவது, ஹெட்போன் போட்டுக்கொள்வது, கருவியைத் தரைக்கு மேலே இடம் வலமாக மெதுவாக வீசுவது போன்றவற்றைக் கருவியோடு வரும் கையேடே சொல்லிவிடும். கையேட்டை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத, நம் இராமநாதபுரம் கடற்கரை மண்ணில் வந்து விழும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மணல் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

இராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் ஆண் கடல் கரையை அடித்து அரிக்கும்போது, எடை குறைந்த வெள்ளை மணல் நீரோடு போய்விட, எடை மிகுந்த தாது மணல் மட்டும் கறுப்பும் சிவப்புமாகக் கோடு கோடாகப் படிந்து நிற்கும். கறுப்பில் மேக்னடைட்டும் இல்மனைட்டும் இருக்கும்; சிவப்பு பெரும்பாலும் கார்னெட். சாயல்குடிப் பக்கத்துத் தேரிச் செம்மண்ணிலும் இரும்புத் தாதுக்கள் உண்டு.

இந்தக் கோடுகளைக் கண்டு விலகிப் போவதும் பிழை, கவனிக்காமல் ஏறி நடப்பதும் பிழை. சாதாரண மணலின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, மேக்னடைட்டின் அடர்த்தி 5.2; 22 காரட் நகையின் அடர்த்தி 17-க்கும் மேல். கனத்த தாதுவை ஓரிடத்தில் ஒதுக்கும் அதே அலை, அதைவிடக் கனத்த மோதிரத்தையும் அங்கேயேதான் இறக்கும். ஆகவே கருவி அதிகமாகத் தடுமாறும் இடத்தில்தான் நகை கிடக்க வாய்ப்பும் அதிகம்.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு, தேடப் போகும் மணலில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பையில் கறுப்பு மீசைபோல மணல் அப்பிக்கொண்டால் அது மேக்னடைட். அன்றைய வேலை கடினம். ஒட்டாத சிவப்பு மணல் பார்வைக்குத்தான் மிரட்டும், கருவியைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. பையை உள்வெளியாகத் திருப்பி உதறினால் காந்தம் சுத்தமாக வந்துவிடும். பை இல்லாமல் வெறும் காந்தத்தை இழுத்தவர்கள் அந்த மணலை இன்றும் சுரண்டிக்கொண்டிருப்பார்கள்.

காலையில் ஒருமுறை கிரவுண்ட் பேலன்ஸ் செய்துவிட்டு மாலைவரை நடப்பது

கிரவுண்ட் பேலன்ஸ் என்பது, காலடியில் உள்ள மண் எழுப்பும் சத்தத்தைக் கருவிக்குப் பழக்கி, அதைக் கழித்துவிடச் சொல்வது. மேட்டில் உள்ள உலர்ந்த வெள்ளை மணலில் அதைச் செய்துவிட்டுப் பத்தடி கீழே கருமணலில் இறங்கினால், கருவி அறிந்த மண் வேறு, நிற்கும் மண் வேறு. கரிய மணல் உப்புநீரில் நனைந்திருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். தாதுவின் காந்தத்தன்மை ஒரு விதமாகக் கருவியைக் குழப்பும். உப்புநீரின் மின்கடத்தும் தன்மை இன்னொரு விதமாக, மெல்லிய அலுமினியத் தாள் கிடப்பதுபோல ஒலிக்கும். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியால் இவற்றுள் ஒன்றைத்தான் ஒழுங்காகக் கழிக்க முடியும். ஒன்றை அடக்கினால் மற்றது தலைதூக்கும். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவி இரண்டையும் ஓரளவு சமாளிக்கும். பல்ஸ் இண்டக்‌ஷன் வகை இந்த மண்ணைப் பொருட்படுத்தாமல் ஆழமாகப் பார்க்கும். ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்வது அதனால் அவ்வளவாக ஆகாது.

மணலின் நிறம் மாறினாலோ, காய்ந்த மணலிலிருந்து ஈரத்துக்கு இறங்கினாலோ, மீண்டும் சமன் செய்யுங்கள். முதலில் அந்த இடத்தில் உலோகம் ஏதும் இல்லையென்று வீசிப் பார்த்துக்கொண்டு, கருவியின் அடியில் உள்ள வட்டத் தகடான காயிலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றி இறக்கினால் போதும். கீழே ஆணி கிடக்கும் இடத்தில் சமன் செய்தால், அந்த ஆணியையே மண்ணென்று கருவிக்குக் கற்பித்ததாகிவிடும்.

சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைப்பது

குறையுங்கள். கருமணலில் கருவியின் இந்த உணர்திறனை உயர்த்தினால் மண்ணின் இரைச்சல்தான் உயரும், நகையின் ஒலி உயராது.

திரையில் வரும் எண்ணை நம்பி இரும்பென்று ஒதுக்குவது

எல்லாத் தவறுகளிலும் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். இதைச் செய்தவன் நான் என்பதைவிட, அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர் என்பதுதான் உறுத்துகிறது.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி அமாவாசையன்று, பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தில் ஓர் அம்மாவின் தாலிச் சரடு அலையில் அறுந்து போயிற்று. தேநீர்க் கடைக்காரர் சொல்லி என்னை அழைத்தார்கள். அலை வந்து திரும்பும் இடத்தில் அன்று கருமணல் நான்கு விரற்கடை தடிப்புக்குப் படிந்திருந்தது. தீர்த்தக் கரையில் ஊக்கு, ஜிப், கொக்கி, ஆணி என்று குப்பை அதிகமாதலால், இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை நன்றாக ஏற்றி வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் வீசினேன். ஓரிடத்தில் மட்டும் அரைகுறையாக ஒரு விக்கல் போன்ற ஒலி வந்தது. அடையாளத்துக்கு ஒரு குச்சியை நட்டு, திரும்பத் திரும்ப வீசிப் பார்த்தேன். கீழே கிடப்பது எந்த உலோகம் என்று ஊகித்துத் திரை காட்டும் எண் ஒருமுறைகூட இரும்பு எல்லையைத் தாண்டி மேலே வரவில்லை. ஆணி என்று முடிவுகட்டி, சரடு அலையோடு போய்விட்டது என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மா ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் அணிந்துகொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் வேனில் ஏறினார்.

மறுநாள் விடியற்காலையில், அங்கே சல்லடை போட்டுக் காசு அரிக்கும் ஒரு பாட்டி அந்தச் சரட்டை எடுத்துவிட்டார். தேநீர்க் கடையில் கொடுத்துவைத்திருந்தார். தகவல் சொல்லி அனுப்பி, சரடு உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. என்னைப் பார்த்தபோது பாட்டி கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, நீ குச்சி நட்ட எடத்துலதான் ஒரு சாண் அடில கெடந்துச்சு. ஏன் தோண்டல?"

ஏன் தோண்டவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. சங்கிலியைக் கருவி ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. கண்ணி கண்ணியாகத்தான் பார்க்கிறது. மெல்லிய சரட்டில் ஒலி தருவது பெரும்பாலும் தாலியும் குண்டுகளும்தான். அந்தச் சிறிய ஒலி, தன்மேல் கிடக்கும் கருமணலைக் கடந்து காயிலுக்கு வரும்போது மண்ணின் ஒலியோடு கலந்துவிடுகிறது. கருவிக்கு வந்து சேர்வது பொன்னும் மண்ணும் சேர்ந்த கலவை. அதில் மண்ணின் பங்கு மிகும்போது எண் இரும்பின் பக்கமாகச் சரிகிறது. ஆழம் கூடக்கூட இந்தச் சரிவும் கூடும். நான் ஏற்றி வைத்திருந்த டிஸ்கிரிமினேஷன் அதை இரும்பென்று ஊமையாக்கியது. அரைகுறையாக வந்த அந்த விக்கல், அடக்குதலையும் மீறித் தப்பி வந்த மிச்சம்.

இன்று நான் செய்வது வேறு. கருமணலில் டிஸ்கிரிமினேஷனை முழுவதும் இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் கேட்கிறேன். ஐயமான ஒலி வந்தால் தொண்ணூறு பாகை திரும்பி நின்று குறுக்கே வீசுகிறேன். இரு திசையிலும் ஒரே இடத்தில் ஒலித்தால், எண் என்ன சொன்னாலும், காலால் மேல் மணலை நான்கு விரற்கடை தள்ளிவிட்டு மீண்டும் கேட்கிறேன். கருமணல் அடுக்கு விலகியதும் எண் மேலே ஏறத் தொடங்கினால் அது இரும்பல்ல, தோண்டத்தான் வேண்டும். அப்போதும் எண் கீழேயே கிடந்து ஒலி சிதறினால், பெரும்பாலும் ஆணிதான். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். காந்தத்தில் ஒட்டும் எஃகு ஒரு ரூபாய்க் காசுகளும் எண்ணைக் கண்டபடி குதிக்க வைக்கும். மெல்லிய மோதிரத்தின் எண்ணும் அலுமினியத் தாளின் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். தாளைத் தோண்ட மனமில்லாதவர் மோதிரத்தையும் விட்டுவிட வேண்டியதுதான்.

அந்த இளைஞர்களிடம் போய் இதைச் சொன்னேன். நாற்பது குழிகள் தோண்டினோம். ஏழு ஊக்குகளும் ஒரு கொலுசுத் திருகும் கிடைத்தன. மோதிரம் அன்று கிடைக்கவில்லை.

பெரிய காயில்

வேண்டாம். பெரிய காயில் அதிக மண்ணைப் பார்க்கும். அதிக மண் என்றால் அதிக இரைச்சல். கருமணலுக்கு ஆறு அங்குலம் போதும்.

பழம்பொருள் ஆசையில் வரலாற்று இடங்களுக்குப் போவது

வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் ரோமக் காசுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டதைப் படித்துவிட்டு, கருவியோடு கிளம்பலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த பெரியபட்டினத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். போகக் கூடாது. அகழாய்வில் ஒரு காசு எந்த மண் அடுக்கில், எந்த ஓட்டுச் சில்லோடு கிடந்தது என்பதுதான் செய்தி. பிடுங்கி எடுத்த காசு வெறும் செம்புத் துண்டு. சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயங்களும் சிற்பங்களும் பிற கலைப்பொருள்களும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து நூறு ஆண்டுகள் ஆகவில்லை. ஆயினும் அங்கே நான் கருவியை எடுத்துச் செல்வதில்லை. மணலுக்குள் இருப்பது செத்துப்போனவர்களின் வீட்டுச் சாமான்.

யாரிடமும் சொல்லாமல் கரையில் இறங்குவது

இலங்கையிலிருந்து படகில் கடத்தி வரும் தங்கத்தை, துரத்தப்படும்போது கடலில் எறிந்துவிடுவதும், அதிகாரிகள் முக்குளிப்பவர்களை இறக்கி அதை மீட்பதும் மண்டபம் பக்கத்தில் நடந்திருக்கிற செய்திகள். அத்தகைய கரையில், அந்தி நேரத்தில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு மணலைத் துழாவும் ஒருவரைப் பார்த்தால் காவலர் என்ன நினைப்பார்? என்னை இரண்டு முறை நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நகையைத் தொலைத்தவரையும் உடன் அழைத்துக்கொண்டு, முதலில் கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, பகல் வெளிச்சத்தில் இறங்குங்கள்.

குழியை மூடாமல் செல்வது

மூடுங்கள். விடியுமுன் இருட்டில் தர்ப்பணம் கொடுக்க வருகிற முதியவர்கள் தரையைப் பார்த்து நடப்பதில்லை.