ஐபோன் படம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லையா? நான் செய்தது இது

ஐபோனில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். பெயருக்குப் பின்னால் எல்லாவற்றிலும் ஹெச்இஐசி என்ற வால். ஒன்றுகூடத் திறக்கவில்லை.

வாலை ஜேபிஜி என்று மாற்றினால் போதும் என்று நினைத்து, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினேன். வீண் வேலை. சந்தேகத்தில் ஒரு கோப்பை நோட்பேடில் இழுத்துப் போட்டேன். குப்பை எழுத்துகளுக்கு நடுவே முதல் வரியிலேயே 'ஹெச்இஐசி' என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. பெயரை மாற்றினாலும் உள்ளே இருப்பது அதுவேதான்.

2017இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது ஆப்பிள் இந்த வடிவத்துக்கு மாறியது. ஹெச்.265 என்ற வீடியோ சுருக்க முறையையே நிழற்படத்துக்கும் பயன்படுத்துகிறது. அதனால் ஜேபெக்கில் (ஜேபிஜி என்பதும் இதுதான்) பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும்.

படத்தைப் பார்த்தால் மட்டும் போதுமா? விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குப் போய் 'ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' போடுங்கள், இலவசம். அதற்கப்புறமும் திறக்காவிட்டால் 'ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற இன்னொன்று இல்லை என்று அர்த்தம். அதற்குச் சிறு கட்டணம் உண்டு. ஒன்றிரண்டு படம்தான் என்றால் காசு கொடுக்காமல் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளிலேயே திறந்து ஜேபெக்காக எடுத்துவிடலாம்.

மொத்தமாக மாற்ற எனக்குப் பிடித்தது எக்ஸ்என்கன்வர்ட் என்ற மென்பொருள். சொந்த உபயோகத்துக்கு இலவசம். 'இன்புட்' பகுதியில் ஃபோல்டரை இழுத்துப் போடுங்கள். 'அவுட்புட்' பகுதியில் ஜேபிஜி, தரம் 90. சேமிக்க வேறொரு புது ஃபோல்டர்.

இங்கே அவசரப்பட்டு 'கன்வர்ட்' அழுத்திவிடாதீர்கள். நான் அழுத்தினேன். படங்கள் நன்றாகத்தான் வந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் அன்றைய தேதி! இரண்டு வருடப் படங்கள் ஒரே நாளில் எடுத்தது போல வரிசை குலைந்து கிடந்தன. எடுத்த தேதி படக் கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற மறைவான குறிப்பாக (மெட்டாடேட்டா) இருக்கிறது. ஃபோல்டரில் நாம் பார்க்கும் 'மாடிஃபைட்' தேதி வேறு. அவுட்புட் பகுதியிலேயே 'கீப் மெட்டாடேட்டா' என்று ஒரு கட்டம், அசல் தேதியையும் நேரத்தையும் அப்படியே வைக்க இன்னொரு கட்டம். இரண்டிலும் டிக் போடுங்கள். முதலில் ஐந்தே படங்களை மாற்றிப் பாருங்கள். தேதி சரியாக இருந்தால் மீதியை விடுங்கள்.

இணையத்தில் ஏற்றி மாற்றித் தரும் தளங்கள் பக்கம் நான் போவதில்லை. எக்ஸிஃபில் படம் எடுத்த இடம்கூட இருக்கலாம். அதை ஏன் முன்பின் தெரியாதவரிடம் கொடுக்க வேண்டும்?

மேக்கில் மான்டரே இயங்குதளம் அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் இத்தனை பாடு இல்லை. படங்களைத் தேர்ந்து ரைட் கிளிக், 'குவிக் ஆக்ஷன்ஸ்', 'கன்வர்ட் இமேஜ்'. அவ்வளவுதான்.

இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே பதிவாக வேண்டுமென்றால், ஐபோனில்: செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ், 'மோஸ்ட் கம்பேட்டிபிள்'. பழைய படங்கள் இதனால் மாறாது. போனில் இடம் குறைவென்றால் இதைத் தொடாதீர்கள், நானும் தொடவில்லை.

பின்சேர்க்கை: கேபிளில் நகலெடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். ஐபோன் செட்டிங்ஸில் (ஐஓஎஸ் 18 முதல் அதன் 'ஆப்ஸ்' பகுதிக்குள்) ஃபோட்டோஸ் பகுதியின் அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' இருக்கும். 'ஆட்டோமேட்டிக்' என்றால் அனுப்பும்போதே போன் படத்தை ஜேபெக்காக மாற்ற முயலும். எண்ணிக்கை அதிகமானால் அங்கேதான் தடுக்கும். 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றியதும் அவருக்கு எல்லாம் வந்துவிட்டது, ஹெச்இஐசியாகத்தான். அப்புறம் எக்ஸ்என்கன்வர்ட்.