சுவரில் ஓதமா, குழாய்க் கசிவா? நீங்களே கண்டுபிடிக்கலாம்

சுவரின் அடிப்பக்கம் பெயின்ட் பொரிந்து, கை வைத்தால் மாவாக உதிர்கிறதா? வருகிறவர் எட்ட நின்று பார்த்தே ஓதம் என்று சொல்லி, கெமிக்கல் பூச விலையும் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் இரண்டு முறை பூசினோம். மூன்றாவது மழைக்காலத்தில்தான் சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறைக் குழாய் கசிவது தெரிந்தது.

செங்கல் முழுக்க நுண்துளைகள். விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன; இதுதான் ஓதம். ஏறுகிற ஈரமும் காற்றில் உலர்கிற ஈரமும் சமமாகும் இடத்தில் ஏற்றம் நிற்கும்; பெரும்பாலும் மூன்றடிக்குள். ஐந்தடி உயரத்தில் தனியாக ஒரு திட்டு தெரிந்தால், குழாயையோ வெளிச்சுவர் விரிசலையோ தேடுங்கள்.

முதல் வேலை: ஈரத்தின் மேல்விளிம்பில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழை பெய்த மறுநாளே கோட்டைத் தாண்டினால் மழைநீர் மேல் சந்தேகம். மாதக்கணக்கில் அதே இடத்தில் நின்றால் ஓதமாக இருக்கலாம்.

இரண்டாவது, வெளியே போய்ப் பாருங்கள். பேஸ்மட்டத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கும் காங்கிரீட் பட்டை போட்டிருப்பார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அதுவும் இருக்காது. சென்னையில் ரோடு போடப் போட வீடு பள்ளமாகிறது அல்லவா? வெளி மண் அந்தப் பட்டைக்கு மேலே ஏறிவிட்டால் பட்டை இருந்தும் பயனில்லை. மண்வரை இறங்கிய சிமென்ட் பூச்சும் ஈரத்துக்கு ஏணிதான்.

மூன்றாவதுதான் உண்மையைச் சொல்லும் சோதனை. தரையிலிருந்து அரையடி, ஒன்றரையடி, மூன்றடி உயரங்களில் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் துளையிடுங்கள். மின்கம்பி போகும் இடத்தைத் தவிர்க்கவும். டிரில்லிங் மெஷின் மெதுவாகச் சுற்றட்டும். வேகமாகச் சுற்றினால் சூட்டிலேயே ஈரம் போய்விடும். உள்ளிருந்து வரும் தூளை மூன்று மூடிபோட்ட டப்பாக்களில் தனித்தனியே பிடியுங்கள். நகை எடை பார்க்கும் சிறு தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, பழைய தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் உலர்த்தி, மறுபடி நிறுங்கள். குறைந்த எடைதான் ஈரம்; அது முதல் எடையில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு மூன்றையும் ஒப்பிடுங்கள். அடியில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. நடுவில் அதிகம் என்றால் வேறெங்கோ கசிவு.

ஊசி இரண்டைச் சுவரில் குத்தி எண் காட்டும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது அளப்பது மின்சாரம் பாயும் அளவை. உப்பேறிய சுவர் ஏறக்குறைய உலர்ந்திருந்தாலும் ஈரம் என்றே காட்டும். அந்த உப்பு ஐப்பசிக் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். அதனால் ஓதத்தை நிறுத்திய பிறகும் பழைய பூச்சு பிசுபிசுக்கலாம். கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுவது நல்லது.

அதற்குமுன் சுவர் உலர வேண்டும். ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் ஒரு குத்துமதிப்புக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அதுவரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.