ஒன்சென் ஊரில் நீராடுவது எப்படி?

வெந்நீரூற்று என்றதும் நம்மில் பலருக்கு வாளிதான் நினைவுக்கு வரும். திருகோணமலையை அடுத்த கன்னியாவில் உள்ள ஏழு கிணறுகளில் நீரை முகந்து தலையில் ஊற்றிக்கொள்வார்களே தவிர, யாரும் உள்ளே இறங்குவதில்லை. ஜப்பானில் ஒன்சென் எனப்படும் ஊற்றுகளில், ஏற்கெனவே குளித்து முடித்தவர்தான் தொட்டிக்குள் இறங்கலாம். அழுக்குப் போகக் குளிப்பது வேறு, வெந்நீரில் அமிழ்ந்திருப்பது வேறு என்ற இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், அங்குள்ள விதிகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

இந்த வழக்கம் மிகப் பழையது. யாமானாஷி மாநிலத்தின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் உள்ள கெய்யுன்கான் விடுதி 705ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் அதைப் பதிவு செய்திருக்கிறது. உழவர்கள் வேலையில்லாத பருவத்தில் அரிசியையும் பாத்திரங்களையும் சுமந்து வந்து, தாமே சமைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் தங்கி உடல் வலியைப் போக்கிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. ‘தோஜி’ எனப்படும் அந்த நீர்ச் சிகிச்சையிலிருந்துதான் இன்றைய ஒன்சென் ஊர்கள் வளர்ந்தன.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது நீரின் தன்மையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊற்றிலிருந்து வெளிவரும்போது நீர் 25 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருந்தாலோ, பட்டியலிலுள்ள 19 பொருள்களில் ஒன்று குறிப்பிட்ட அளவுக்கு இருந்தாலோ அது ஒன்சென்தான். ஆகவே பெயரை மட்டும் நம்பினால் சூடேற்றிய நீரும் கிடைக்கலாம். நீரின் பகுப்பாய்வு விவரம் குளியலறையருகே ஒட்டப்பட்டிருக்கும். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பழைய மரக்கட்டட அழகில் நாட்டம் உள்ளவர்களுக்கு 1894இல் எழுப்பப்பட்ட முதன்மைக் கட்டடம் உள்ள தோகோ ஒன்சென் ஏற்றது. அரிமாவில் இரும்புச்சத்து மிகுந்து செம்பழுப்பாக ஓடும் நீரைக் காணலாம்.

என் தேர்வு குசாட்சு. ஊரின் நடுவே, ‘யுபாதாகே’ என்னும் இடத்தில் ஊற்றுநீர் மரவாய்க்கால்களில் ஆவி பறக்க ஓடி ஆறுகிறது. காற்றெங்கும் கந்தக நெடி. 50 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வரும் அந்த நீரில் தண்ணீரைக் கலந்தால் வீரியம் குறைந்துவிடும் என்று கருதி, ஆள் உயரப் பலகைகளால் துழாவித்துழாவி ஆற்றும் வழக்கத்தை அவ்வூரார் கண்டுபிடித்தனர். இன்று அது பாட்டோடு நடக்கும் காட்சியாகிவிட்டது. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ஜப்பானில் பணியாற்றிய எர்வின் பெல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நீரின் சிறப்பைப் பரப்பினார். ஆனால் இது கடும் அமில நீர். புண்ணும் கீறலும் உள்ளவர்களுக்கு எரியும். கண்ணில் பட விடாதீர்கள்.

கந்தக நீருக்குச் செல்லுமுன் வெள்ளி நகைகளைக் கழற்றிவிட வேண்டும். கொலுசும் மெட்டியும் சற்று நேரத்திலேயே கறுத்துவிடும். மெட்டியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கந்தகம் இல்லாத ஊற்றைத் தேர்வதே நல்லது. உடலில் பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் அனுமதி கிடைக்காது. சிறியதாயின் மறைக்கும் ஒட்டுத்துணி போதுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சைவ உணவு உண்போர் அறை பதிவு செய்யும்போதே அதைச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் காய்கறிச் சாற்றிலும் மீன் கலந்திருக்கும்.

குளியலறை வாயிலில் தொங்கும் திரையைப் பார்த்து உள்ளே செல்லுங்கள். பொதுவாக நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. ஆடை முழுவதையும் கழற்றிக் கூடையில் வைத்துவிட வேண்டும், நீச்சலுடைக்கு இடமில்லை. கூச்சம் மிகுந்தவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் குடும்பக் குளியலறையைக் கேட்கலாம். உள்ளே சிறு முக்காலியில் அமர்ந்து, சோப்புத் தேய்த்து, நுரை ஒரு துளியும் இல்லாமல் அலசுங்கள். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் இருமுறை ஷாம்பு போடுங்கள். பொது நீரில் எண்ணெய் மிதப்பதைவிடப் பெரிய அவமரியாதை அங்கே இல்லை.

பின்னர் தொட்டி நீரைக் காலிலிருந்து மேல்நோக்கி ஊற்றிச் சூட்டுக்கு உடலைப் பழக்கிவிட்டு, மெதுவாக இறங்குங்கள். தொட்டி நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். முதல் முறை ஐந்து நிமிடம் போதும்; எழுந்து ஆறிவிட்டு மறுபடி இறங்கலாம். நீளமான தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள், சிறு துண்டை மடித்துத் தலைமேல் வையுங்கள். இரண்டும் நீரில் படக் கூடாது. மது அருந்தியவுடனும் வயிறு நிறைய உண்டவுடனும் இறங்க வேண்டாம். இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும்.

வெளியேறும்போது உடை மாற்றும் அறைக்கு முன்பே உடலைத் துடைத்துவிடுங்கள். யுகாதா என்னும் மெல்லிய பருத்தி அங்கியை அணியும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. மறுநாள் காலையில் மீண்டும் நீராட விரும்பினால், நேற்றுப் போன அறைதானே என்று கண்ணை மூடிக்கொண்டு நுழைந்துவிடாதீர்கள். பல விடுதிகளில் இரவோடு இரவாக ஆண்கள் அறையையும் பெண்கள் அறையையும் மாற்றிவிடுவார்கள்.