மரவள்ளி மாவில் புல்லுலான்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம், ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இருப்பதால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மாவுக்கும் மாவெடுத்தபின் மிஞ்சும் திப்பிக்கும் பஞ்சமில்லை. அந்த மாவில் ஆரியோபாசிடியம் புல்லுலான்ஸ் பூஞ்சையை வளர்த்துப் புல்லுலான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருளை எடுக்க இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப இடறும் இடங்கள் இவை. கிருமிநீக்கம் போன்ற பாலபாடங்களை விட்டுவிடுகிறோம்.

மிச்ச மாவை எடைபோடுவது

செல்களை நீக்கிய தெளிநீரில் இரண்டு மடங்கு குளிர்ந்த எத்தனால் ஊற்றி, இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்தால் வெள்ளையாகத் திரண்டு படியும். உலர்த்தி எடைபோட்டு அதையே விளைச்சல் என்று எழுதிவிடுகிறார்கள். மாவு சர்க்கரையாக முழுக்க உடையாமல் அரைகுறையாக உடைந்திருந்தால், அந்தத் துண்டுகளான டெக்ஸ்ட்ரினும் கூடவே படியும் என்பதை யோசிப்பதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், பூஞ்சை மந்தமாக வளர்ந்த பிளாஸ்கில்தான் மாவு அதிகம் மிஞ்சும். ஆக, இருப்பதிலேயே மோசமான பிளாஸ்க் முதலிடம் பிடிக்கும். அதை நம்பி பி.எச். (அமிலநிலை), நைட்ரஜன் அளவு எல்லாம் தீர்மானித்தால் மொத்த உழைப்பும் பாழ்.

மாவு மிச்சமிருந்தால் நீலம் காட்டும் அயோடினை விட்டு, நீலம் வரவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். குட்டையான டெக்ஸ்ட்ரின் நிறமே காட்டாது. பூஞ்சை போடாத ஒரு பிளாஸ்கையும் கடைசிவரை கூடவே நடத்துங்கள். தெளிநீரை பி.எச். 4.5, 60 டிகிரியில் குளுக்கோஅமைலேஸ் என்ற நொதியைப் போட்டு வைத்து, பிறகு எத்தனால் ஊற்றுங்கள். டெக்ஸ்ட்ரின் குளுக்கோஸாகிக் கரைசலிலேயே நின்றுவிடும். இந்த நொதி புல்லுலானையும் மெதுவாகக் கடிக்கும் என்பதால் நேரத்தை இழுக்கக் கூடாது. படிந்ததைக் கரைத்துப் புல்லுலனேஸ் என்ற நொதியைப் போட்டால் புல்லுலான் மால்டோட்ரையோஸ் என்ற சிறு சர்க்கரையாக உடையும், மறுபடி எத்தனாலில் படியாது. அப்போதும் படிவது புல்லுலான் அல்ல.

நைட்ரஜனை அள்ளிக் கொட்டுவது

லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை என்றால் அம்மோனியம் சல்பேட் 0.6 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 0.4 கிராம் போதும். நைட்ரஜன் தீரும் தறுவாயில்தான் பூஞ்சை சர்க்கரையைப் புல்லுலானாக்கத் திரும்பும். கூட்டிப் போட்டால் செல்தான் பெருகும். அம்மோனியத்தை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். சரியும். 6.5-ல் தொடங்குங்கள், அந்தச் சரிவைத் தாங்கும் டைபொட்டாசியம் பாஸ்பேட்டை லிட்டருக்கு 5 கிராமிலிருந்து குறைக்காதீர்கள்.

பிளாஸ்கை நிரப்புவது

250 மி.லி. பிளாஸ்கில் 50 மி.லி. வளர்ப்புத் திரவம், அவ்வளவுதான்.

ஷேக்கரை நம்பி விடுவது

பிளாஸ்கைக் குலுக்கும் ஷேக்கர் கருவியில் 28 டிகிரி வேண்டும். சித்திரை வெயிலில் சேலத்து அறையில் குளிரூட்டும் வசதி இல்லாத ஷேக்கரால் அது ஆகாது. ஏற்காட்டில் மார்கழி இரவென்றால் ஹீட்டர் தேவை.

அறுவடையைத் தள்ளிப்போடுவது

சர்க்கரை தீர்ந்தபின் பூஞ்சையின் சொந்த அமைலேஸே புல்லுலான் சங்கிலியை நறுக்க ஆரம்பிக்கும். எடையில் பெரிதாகத் தெரியாது, பிசுபிசுப்பு மட்டும் இறங்கும். மெலனின் என்ற கருநிறமியும் ஏறித் திரவம் கறுக்கும், அதைப் பிறகு நீக்குவது பெரும்பாடு. மூன்றாம் நாளிலிருந்து தினமும் கொஞ்சம் எடுத்து, செல் நீக்கி, பிசுபிசுப்பைப் பாருங்கள். முந்தைய நாளைவிடக் கூடாமல் நின்றால் அன்றைக்கே இறக்கிவிடுங்கள்.