கட்டுரை நோட்டுகளிடமிருந்து தப்பித்த விதம்

ஆங்கில ஆசிரியருக்கு மூச்சு முட்டுவது பாடத்தால் அல்ல, கட்டுரை நோட்டுகளால். எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தாலும், மாணவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். அதே பிழை அடுத்த கட்டுரையிலும் வந்து நிற்கும்.

இப்போது நான் விடையை எழுதுவதே இல்லை. ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழை மட்டும். வினைச்சொல்லின் காலம் என்றால், தவறான வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. எழுத்துப்பிழை கண்ணை உறுத்தினாலும் கை வைப்பதில்லை, அதுதான் கடினம்! வகுப்பிலேயே பத்து நிமிடம் தருவேன், அவர்களே தேடித் திருத்திய பிறகுதான் மதிப்பெண். ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று எழுதிய பையன் வரியை விரலால் தடவிப் பார்த்து, ‘கோ’வை அடித்து ‘வென்ட்’ என்று எழுதினான்.

“திருத்தவே இல்லையே” என்று சில பெற்றோர் கேட்டார்கள். புள்ளியின் விளக்கத்தை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினேன், கேள்வி நின்றது.