ஆபீஸ் ஜாலிச் சுவரில் நாலு கல் உடைந்தால் என்ன செய்வது

செங்கோட்டை, தென்காசி, மலை தாண்டினால் புனலூர் என்று எங்கள் பக்கம் ஐம்பது அறுபதுகளில் கட்டின ஆபீஸ்களில் மாடிப்படி ஓரத்திலோ வராந்தாவிலோ ஒரு சிமெண்ட் ஜாலிச் சுவரை, அதாவது பூப்பூவாக ஓட்டை விட்டு வார்த்த கற்களை அடுக்கின சுவரைப் பார்க்கலாம். ஏசி இல்லாத காலத்து ஏற்பாடு. வெயிலை வெளியிலேயே நிறுத்திவிட்டு காற்றை மட்டும் உள்ளே விடும். 1959-இல் திறந்த டில்லி அமெரிக்கத் தூதரகத்துக்கு எட்வர்ட் டுரெல் ஸ்டோன் செய்ததும் இதுதான், கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஓட்டைக் கல்லால் ஒரு திரை.

இப்போது அதில் நாலு கல் உடைந்தால் உடனே முழுச் சுவரையும் இடிக்கச் சொல்கிறார்கள். போன சாரலுக்கு முன்னால் ஒரு பழைய ஆபீசில் கொத்தனார் சொன்னது என் காதில் விழுந்தது: "அண்ணாச்சி, இதெல்லாம் பழைய மாடல், இடிச்சிட்டு செங்கல் வச்சுப் பூசிருவோம், ரெண்டு நாள் வேலை." இடித்தார்கள். இப்போது அந்தப் படிக்கட்டில் பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கிறது. இடிக்காமலே சரி பண்ணலாம், உடைந்த கல்லை மட்டும் வார்த்து மாட்டினால் போதும்.

முதலில் ஏன் உடைந்தது என்று பாருங்கள். ஒரே ஒரு கல், அதுவும் கை எட்டும் உயரத்தில் என்றால் ஏணியோ பந்தோ பட்டிருக்கும். மேல் வரிசை மட்டும் நசுங்கியிருந்தால் மேலே இருக்கிற பீம் தொய்ந்து ஜாலி மேல் உட்கார்ந்திருக்கலாம். ஜாலி பாரம் தாங்கவே கூடாத சுவர், அதனால் அங்கே கை வைக்காமல் ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பழுப்புக் கறையோடு நீளவாக்கில் வெடிப்பு என்றால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. இரும்பு துருவானால் பல மடங்கு ஊதும், ஒரு இஞ்சு கனமுள்ள கல்லில் கம்பியை நட்டநடுவில் வைத்தாலும் அதை மூடியிருக்கிற கான்கிரீட் (கவர் என்பார்கள்) இரண்டு பக்கமும் அரை இஞ்சுகூட இருக்காது. கணவாய் வழியாக ஆனி ஆடி முழுக்கச் சாரல் அடிக்கிற ஊரில் அது எத்தனை நாள் தாங்கும்?

கழற்றும்போது கிரைண்டரை எடுக்காதீர்கள். அதிர்வில் பக்கத்துக் கல்லும் போய்விடும். ஹேக்ஸா பிளேடும் சின்ன உளியும் வைத்து மூட்டுக் கலவையைப் பொறுமையாகச் சுரண்டுங்கள். பழைய ஜாலிகளில் மூட்டுகள் பெரும்பாலும் மேலிருந்து கீழ் ஒரே கோட்டில் இருக்கும், செங்கல் மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. அதனால் ஒரு கல்லை எடுத்ததும் அந்த இடத்தில் மரக்கட்டையை ஆப்பு வைத்து இறுக்கிவிட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள்.

சுவரிலேயே அதிகம் சேதமில்லாத கல் ஒன்றை மாதிரிக்கு எடுத்து அளந்துகொள்ளுங்கள், அச்சு முழுக்க அதைப் பார்த்துத்தான். பத்துப் பன்னிரண்டு கல்தான் என்றால் பிளைவுட் சட்டமும், உள்ளே ஓட்டை விழுகிற இடங்களில் வைக்க ஆசாரியிடம் இழைத்து வாங்கின மரக்கட்டைகளுமே போதும். கட்டை ஒரு முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சிறுத்திருக்க வேண்டும். நேராக இழைத்துவிட்டால் வெளியே வராது, தட்டினால் கல்லின் மூலை உடையும். நான் முதல் மூன்று கல்லை இப்படித்தான் குப்பையில் போட்டேன்.

கலவைக்கு சிமெண்ட் 1, சலித்த எம்-சாண்ட் 1½, கால் இஞ்சு சிப்ஸ் 2. (கடையில் ஜாலிக்கு என்று சொல்லாதீர்கள், ஜல்லி லோடு விலை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.) தண்ணீர் குறைவாக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதம். எண்ணெய் தடவின அச்சில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குத்தி, பக்கத்தில் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருங்கள். வண்டியில் வடித்த கறுப்பு ஆயிலைத் தடவினால் கறை வெள்ளையடித்த பிறகும் தெரியும். கம்பி வேண்டுமென்றால் கல்லின் வெளி ஓரத்துக்குள் மட்டும் மெல்லிய ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசின கம்பி). சில மணி நேரத்தில் உள்கட்டைகளை மெதுவாக அசைத்து உருவிவிடலாம், பிளைவுட் சட்டத்தை மறுநாள் கழற்றுங்கள். அப்புறம் தொட்டித் தண்ணீரில் முங்கப் போட்டு இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். அவசரக்காரர்கள் மூன்றாம் நாளே எடுத்து மாட்டுவார்கள், மெல்லிய இடத்தில் முடி மாதிரி வெடிப்பு வரும்.

மாட்டும் கலவை கல்லைவிட பலம் குறைந்ததாக, சிமெண்ட் 1-க்கு மணல் 5 இருக்கட்டும். சுவர் லேசாக அசைந்தால் மூட்டு வெடிக்கலாம், கல் வெடிக்கக் கூடாது. சுற்றியுள்ள கற்களை நனைத்துவிட்டு, நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து உட்கார வையுங்கள். வழிந்த கலவையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், காய்ந்த பிறகு ஆசிட் ஊற்றினால் சிமெண்டையும் சேர்த்துத் தின்னும்.

எனாமல் வேண்டாம், பூப்பூவான ஓட்டையெல்லாம் ஐந்து வருடத்தில் பெயிண்டால் தூர்ந்துவிடும். சுண்ணாம்பு இரண்டு கோட் போதும். ஏசி போட்டே ஆக வேண்டும் என்று ஆபீசில் அடம்பிடித்தால் ஜாலி ஓட்டையை அடைக்காமல், உள்பக்கம் ஒன்றரை அடி தள்ளிக் கண்ணாடி வைக்கச் சொல்லுங்கள், நடுவில் ஒரு ஆள் நுழைந்து குளவிக்கூட்டைத் தட்டிவிட இடம் இருக்கும்.